மரபா, புதுக்கவிதையா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்விகள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், இல்லாமல் எழுதுவதைக் கவிதை என்றே சொல்லக்கூடாது என்கிறார் என் தமிழாசிரியர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் ஐயா?

உங்கள் ஆசிரியர் மேல் மரியாதை வைத்தே மறுக்கிறேன். வெண்பா, விருத்தம், சிந்து என்று எல்லாம் கைவந்த பாரதியே 'காட்சி' என்ற வசன கவிதையில் "இவ்வுலகம் இனியது" என்று தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி) பார்க்காமல் எழுதினார். யாப்பு தெரியாததால் விட்டவர் இல்லை அவர். அப்புறம் 1934-ல் 'மணிக்கொடி' இதழில் ந. பிச்சமூர்த்தி இப்படி யாப்பில்லாமல் எழுதினார், அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகள்தான் தனக்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது, இது கவிதையா என்ற சண்டை உச்சத்துக்குப் போனது. அதே பத்திரிகைக் கவிதைகளைத் தொகுத்து 1962-ல் 'புதுக்குரல்கள்' வந்தது. இத்தனை காலம் ஆன பிறகும் "இது கவிதையே இல்லை" என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளுவது, படிக்காமலே தீர்ப்பு சொல்வதுதான்.

அப்படியானால் வசனத்தை உடைத்து உடைத்துப் போட்டால் புதுக்கவிதையா?

இல்லை. இந்தக் கோபம் எனக்கும் உண்டு. எழுதியதை ஒரே வரியாகச் சேர்த்து எழுதி வாய்விட்டுப் படியுங்கள், எதுவும் குறையவில்லை என்றால் அது வசனம்தான். இதோ, இப்போதுதான் எழுதிய இரண்டு வரி:

யாரும் இல்லை
என்றது காற்று

முதல் வரி முடியும் இடத்தில் கதவைத் திறந்து பார்த்தவர் சொல்வதாக நினைக்கிறோம். அடுத்த வரியில்தான் பேசியது வேறு யாரோ என்று தெரிகிறது. "யாரும் இல்லை என்றது காற்று" என்று சேர்த்துப் போட்டால் அந்தத் திருப்பம் போய்விடும், தகவல் மட்டும் மிஞ்சும். இதையே "யாரும் / இல்லை என்றது / காற்று" என்று உடைத்தால் எண்ணிக்கையில் வரிகள் கூடும், லாபம் ஒன்றும் இல்லை.

சங்கப் பாடல்களைப் படித்தால் எதுகைகூட இல்லை, புதுக்கவிதை மாதிரிதான் இருக்கிறது. அவர்கள் எந்த விதியில் எழுதினார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பெரும்பாலும் ஆசிரியப்பா, அதாவது அகவல். குறுந்தொகை 40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

அடிக்கு நாலு சீர், அதாவது வரிக்கு நாலு ஓசைத் துண்டு. அடியெதுகை துரத்தி வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் நாலாவது அடியை எண்ணுங்கள், மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றுக்கு முந்தைய அடி அப்படித்தான் குறைய வேண்டும், விதி அது. அந்தக் குறைந்த அடியில் எது வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்: செம்மண்ணில் விழும் மழை. மூன்று அடி கேள்வியும் யோசனையுமாக ஓடி, 'போல' என்கிற இடத்தில் மூச்சு ஒரு சீர் முன்னாலேயே நின்று, அப்புறம்தான் நெஞ்சங்கள் கலக்கின்றன. விதியை வைத்துக்கொண்டு செய்த வரி முறிப்பு இது. விதி கையைக் கட்டிப்போடும் என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

வெண்பா கற்க எங்கே தொடங்குவது?

யாப்பிலக்கண நூலான காரிகையை எடுத்து மனப்பாடம் செய்ய ஆரம்பிக்காதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். குறளில் தொடங்குங்கள், அதுவும் வெண்பாதான். ஒவ்வொரு சீரும் நேர், நிரை என்ற அசைகளால் ஆனது; மெய்யெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் நேருக்கு ஓர் எழுத்து, நிரைக்கு இரண்டு. அசைகள் சேரும் விதத்துக்கு வைத்த பெயர்கள்தான் இனி வருபவை. "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி": புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா. "பகவன் முதற்றே உலகு": புளிமா, புளிமா, கடைசியில் பிறப்பு. நேரில் முடியும் ஈரசைச் சீரான மாவுக்குப் பின் நிரை, நிரையில் முடியும் ஈரசைச் சீரான விளத்துக்கும், நேரில் முடியும் மூவசைச் சீரான காய்க்கும் பின் நேர், ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்று. இவ்வளவு தெரிந்தால் எந்தக் குறளையும் நீங்களே அலகிட்டு, அதாவது அசை பிரித்து, பார்க்கலாம். தினம் ஒன்று பிரித்துப் பாருங்கள், காது தானாகப் பழகும்.

தளை எல்லாம் சரியாக வருகிறது, ஆனால் பாட்டு உயிரில்லாமல் கிடக்கிறது. ஏன்?

எதுகைக்காக மட்டும் வந்த சொல்லைத் தேடுங்கள், கட்டாயம் இருக்கும். அதை எடுத்துவிட்டு அந்த அடியை முழுசாகத் திரும்ப எழுதுங்கள். ஒட்டுப்போட்டால் சரியாகாது.

நான் புதுக்கவிதை மட்டும்தான் எழுதுவேன். யாப்பு கற்பது எனக்கு வீண்தானே?

வீண் இல்லை. எழுதத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை, கேட்கத் தெரிய வேண்டும் என்கிறேன். "மழை வந்தது" என்பதும் "வந்தது மழை" என்பதும் வேறு வேறு ஓட்டம். முதலாவது நிரையில் எழும்பி 'வந்தது' என்று படிந்து முடிகிறது, இரண்டாவது மழையில் போய் நிற்கிறது. எந்த இடத்துக்கு எது வேண்டும் என்று உங்கள் காது சொல்ல வேண்டும், அசை பிரித்துப் பழகியவருக்கு அது சீக்கிரம் கேட்கும். ஒரு மாதம் குறளும் அகவலும் சத்தமாகப் படித்துவிட்டு, உங்கள் பழைய கவிதை ஒன்றை எடுத்து வரிகளை வேறு இடத்தில் உடைத்துப் பாருங்கள். இரண்டையும் அனுப்புங்கள், பேசுவோம்.