முதல் கப்பல் பயணம்: சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

என் தங்கை சிங்கப்பூரில் குடியிருக்கிறாள். அந்தச் சாக்கில் அங்கிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்களில் இதுவரை ஆறு முறை போய்விட்டேன். ஒருமுறை கைக்குழந்தையோடு, இரண்டு முறை எழுபதைத் தாண்டிய அம்மாவோடு. முதன்முதலாகப் போகிறவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஏறிய பிறகு என்னென்ன செய்யலாம் என்பதைக் கப்பலிலேயே தினமும் தாள் போட்டுச் சொல்லிவிடுவார்கள். ஏறுவதற்கு முன்னால் கரையில் செய்ய வேண்டியதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: நாங்கள் நாலு பேர், முதல் தடவை. எந்தக் கப்பல், எத்தனை நாள், எங்கிருந்து ஏறுவது? ஒன்றுமே புரியவில்லை அக்கா.

கப்பலை அப்புறம் பார்க்கலாம், முதலில் வழியை முடிவு செய்யுங்கள். சிங்கப்பூரிலிருந்து 3 இரவோ 4 இரவோ போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலரை மணி நேரம்தான். அங்கிருந்து பினாங்கு வரை கப்பல் மலாக்கா நீரிணை வழியாகவே போகும். ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்திரா. இரண்டு கரைக்கும் நடுவில் போவதால் பெருங்கடலின் அலை அவ்வளவாக உள்ளே வராது. முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிட அமைதியான தண்ணீர் கிடைப்பது கஷ்டம். புக்கெட் அதைத் தாண்டி அந்தமான் கடலில் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும், அந்த மாதங்களில் அங்கே ஆட்டம் கொஞ்சம் இருக்கும். எடுத்த எடுப்பில் 7 இரவு ஐரோப்பா என்று போய்விடாதீர்கள். கப்பலில் இருப்பது உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது 3 இரவில் தெரிந்துவிடும்.

குழந்தைகள் இருந்தால் ராயல் கரீபியன் நிறுவனத்தின் பெரிய கப்பல்களைப் பாருங்கள், விளையாட இடம் ஏராளம். சுத்த சைவக் குடும்பம் என்றால் ஜென்டிங் ட்ரீம். 2022 ஜூனிலிருந்து சிங்கப்பூரிலிருந்து ஓடுகிறது. இந்திய சைவ உணவும் ஜைன உணவும் அதில் கிடைக்கும். எந்தக் கப்பலானாலும் சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஏறின பிறகு சொன்னால் முதல் நாள் ரொட்டியும் பழமும்தான்.

சென்னைக்காரர் ஒருவர்: நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பல் போகிறதாமே? எதற்கு சிங்கப்பூர் வரை போக வேண்டும்?

போயிருக்கிறது சார். 2022 ஜூனில் எம்பிரஸ் என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும் போனது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. விசா செலவும் விமானச் செலவும் மிச்சம் என்பது பெரிய வசதிதான். ஆனால் அது 1990இல் கட்டிய கப்பல். இன்றைய பெரிய கப்பல்களோடு ஒப்பிட்டால் சின்னது, அலையை அதிகம் உணர்வீர்கள். மும்பைப் பக்கம் அரபிக்கடல் கொந்தளிக்கும் பருவமழை மாதங்களில்தான் அது நம் பக்கம் வந்தது, வருடம் முழுக்க இங்கே நிற்கவில்லை. நீங்கள் போக நினைக்கும் மாதத்தில் சென்னையிலிருந்து பயணம் இருந்தால் தாராளமாகப் போங்கள். காங்கேசன்துறையில் இறங்குவதே ஒரு தனி அனுபவமாக இருக்கும்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: கப்பலில்தானே இருக்கப்போகிறோம், விசா எதற்கு? முகவர் ஒன்றும் சொல்லவில்லையே அக்கா?

தம்பி, மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். கப்பல் ஏறியதும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வந்து இறங்கும்போது மறுபடியும் நுழைகிறீர்கள். ஆக, ஒரே பயணத்தில் இரண்டு நுழைவு. உங்கள் விசாத் தாளில் எத்தனை நுழைவு என்று பாருங்கள். பலமுறை நுழையலாம் என்று இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் என்று இருந்தால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். மெரினா பே கப்பல் முனையத்தில் என் கண்ணெதிரே ஒரு குடும்பம் அப்படித் திரும்பியது. மூன்று பேருக்குப் பலமுறை நுழைவு, பாட்டிக்கு மட்டும் ஒருமுறை. பாட்டி கையில் தாளை வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேருமே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். அன்றிலிருந்து நான் ஒவ்வொருவர் தாளையும் தனித்தனியாகப் படித்துப் பார்க்கிறேன்.

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தது, தாய்லாந்தும் விலக்கு அளித்தது. ஆனால் இவை நீட்டிக்கப்படும், குறைக்கப்படும், மாறும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் நீங்களே பாருங்கள். முகவர் சொல்வதோடு நிற்காதீர்கள். விசா விலக்கு இருந்தாலும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டியிருக்கும், சிங்கப்பூருக்கும் அது உண்டு. கப்பல் பயணிகள் எந்தெந்த அட்டை நிரப்ப வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பும். விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி: பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும். கப்பலில் தாங்குமா? பால்கனி அறை எடுத்தால் சரியாகுமா?

தாங்கும். ஆனால் அறையைப் பார்த்து எடுங்கள். ஊஞ்சல் பலகையில் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு, நுனியில் உட்கார்ந்தால் அதிகம் இல்லையா? கப்பலும் அப்படித்தான். முன்பக்கமும் பின்பக்கமும் ஏறி இறங்கும், உயரமான தளங்கள் பக்கவாட்டில் சாயும். நீளத்தில் நடுவாக, உயரத்தில் கீழாக உள்ள அறைதான் உங்களுக்கு ஏற்றது. விலை கூடுதலான மேல்தள பால்கனியைவிட, கீழ்த்தளத்தில் நடுவில் இருக்கும் சாதாரண ஜன்னல் அறை உங்களுக்கு நல்லது. ‘எந்த அறை கிடைத்தாலும் சரி’ என்று மலிவாக விற்கும் டிக்கெட்டை மட்டும் எடுக்காதீர்கள். அதில் அறையை அவர்கள்தான் ஒதுக்குவார்கள்.

இன்னொன்று, பெரிய கப்பல்களுக்குத் தண்ணீருக்கடியில் இரு பக்கமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தை அவை வெகுவாகக் குறைத்துவிடும். முதல் இரவு என் அம்மா கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “எப்போடி கிளம்பும்?” என்று கேட்டார். கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மேஜையில் இருந்த டம்ளரில் தண்ணீர் மட்டும் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, அப்புறம் மறுபக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று: குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது, முன்கூட்டியே போட வேண்டும். எது, எவ்வளவு என்று ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். ஆட்டம் தெரிந்தால் அறைக்குள் படுத்துக்கொண்டு போனைப் பார்க்காமல், வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். இஞ்சி மிட்டாய் எனக்குக் கேட்கிறது.

ஈரோட்டிலிருந்து ஒரு வியாபாரி: டிக்கெட் விலையில் எல்லாம் அடக்கம் என்கிறார்கள். உண்மையா?

தங்குமிடம், பொதுச் சாப்பாட்டுக்கூடம், பஃபே, பெரும்பாலான நிகழ்ச்சிகள் அடக்கம். மற்றவற்றுக்குத் தனிக் காசு. முதலில் ஊழியர் சேவைக் கட்டணம். ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறும், குழந்தைக்கும் உண்டு. ஓர் இரவுக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், 4 பேருக்கு 4 இரவுக்கு 288 டாலர். அப்புறம் துறைமுக வரி, இணையம், குளிர்பானம், மதுபானம், சிறப்பு உணவகங்கள், கரைச் சுற்றுலா. விலைப்பட்டியலில் போட்டிருப்பது ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு ஆகும் விலை. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசு கேட்பார்கள்.

கப்பலில் ரொக்கம் புழங்காது. ஓர் அட்டை தருவார்கள், அறைச் சாவியும் பணப்பையும் அதுதான். அதோடு இணைக்க டெபிட் கார்டைவிட கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் முன்பணமாக ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள், அது விடுபடச் சில நாளாகும். ஊரில் கணக்கில் பணம் தேவைப்படுகிற நேரத்தில் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

பயணக் காப்பீட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கப்பலிலேயே மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் டாலரில். நிலைமை மோசமாகி வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் செலவு லட்சங்களில் போகும். கப்பல் பயணத்துக்கும் பொருந்துமா என்று காப்பீட்டுத் தாளில் படித்துவிட்டு வாங்குங்கள்.

மதுரையிலிருந்து ஒரு தம்பதி: கிளம்புகிற அன்று காலையில் சிங்கப்பூர் இறங்கி நேரே கப்பலுக்குப் போகலாமா?

வேண்டாம். விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் கப்பல் போய்விடும், பணமும் போகும். முதல் நாளே போய்ச் சேர்ந்து, தேக்கா (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா) பக்கம் ஓர் அறை எடுத்து, இட்லி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து போங்கள். மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் கப்பல் முனையம் பக்கத்திலேயே.

முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர மாலை ஆகலாம், இரவும் ஆகலாம். அதனால் பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி, குழந்தைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி, மின்கெண்டி, ரைஸ் குக்கர் எதையும் கொண்டுபோகாதீர்கள். நெருப்புப் பயத்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் கட்டிய புளியோதரைக்கும் இடமில்லை. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத தின்பண்டம் பொதுவாகப் பரவாயில்லை.

சேலத்திலிருந்து ஒரு மாணவர்: புக்கெட்டில் கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலா விலை அதிகம். நாங்களே டாக்சி பிடித்துப் போனால்?

போகலாம். ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். தாய்லாந்து மணி சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். உங்கள் போன் கரையில் இறங்கியதும் தானாக மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் மணியிலேயே ஓடினால், போனில் 4 மணி என்று காட்டும்போது கப்பலில் 5. ‘இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது’ என்று கடையில் நின்றால் கதை முடிந்தது. கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்று கட்டி, இறங்கும்போது கப்பல் மணியோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். அதற்கு வரிசை உண்டு, திரும்பும்போதும் உண்டு. கப்பல் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் பிடித்த டாக்சிக்காகக் காத்திருக்காது. கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டால் டாக்சியில் தைரியமாகப் போகலாம். அலை அதிகமென்றால் புக்கெட்டில் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சின்னச் சின்னக் கேள்விகள் சில, ஒரேயடியாக.

*கர்ப்பிணிகள் போகலாமா?* பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரம் தொடங்கிவிடும் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. அதற்கு முன்பென்றால் மருத்துவர் சான்றிதழோடு போகலாம். குழந்தைக்குப் பொதுவாக 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

*விருந்து இரவுக்குக் கோட் சூட் வேண்டுமா?* பட்டுப்புடவையும் வேட்டி சட்டையும் அருமையாகப் பொருந்தும்.

*போன்?* கப்பல் நகர்ந்ததும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் போன் தானாகப் பிடிக்கும் செயற்கைக்கோள் சிக்னலுக்கு வரும் பில் பயங்கரமாக இருக்கும்.

*கைக்கு சானிடைசர் மட்டும் போதுமா?* போதாது. கப்பலில் பரவும், வாந்திபேதி தரும் நோரோ வைரஸ் ஆல்கஹால் திரவத்துக்குச் சரியாகச் சாவதில்லை. பஃபேக்குப் போகுமுன் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 74 வயது. கப்பல் கவிழ்ந்துவிடுமோ என்று பயப்படுகிறார். பினாங்கில் கோயில் இருக்கிறது என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அவரால் நடக்க முடியுமா?

அப்பாவின் பயம் நியாயமானதுதான். அவரோடு பாதுகாப்புப் பயிற்சியில் கலந்துகொள்ளுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது அப்போதைய விதி. இப்போது கப்பல் கிளம்பும்போதே நடத்திவிட வேண்டும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். என் அம்மா தன் கையால் அங்கியைக் கட்டிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பினாங்கில் கவலையே வேண்டாம். அங்கே கப்பல் ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டும், படகு ஏற வேண்டியதில்லை. குவீன் தெருவில் இருக்கும் மகாமாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். துறையிலிருந்து மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம், வெயிலாக இருந்தால் டாக்சி. சுற்றிலும் லிட்டில் இந்தியா, பூக்கடை, இட்லிக்கடை, தமிழ்ப் பேச்சு. கப்பல் எத்தனை மணிக்குக் கட்டுகிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் என்றால் இறங்கியதும் நேரே கோயில், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மதியம் என்றால் சாயங்காலம் திறந்த பிறகு போய்விட்டு வாருங்கள். அப்பாவுக்கு வேட்டி துண்டைக் கைப்பையிலேயே வைத்துவிடுங்கள்.