ஆர்வியில் ஸ்டேஷன் எடுக்கவில்லையா, பாட்டு தெளிவாக இல்லையா? கேள்வி பதில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்வி (படுக்கை, சமையல் வசதியோடு வீடு போல இருக்கும் பயண வண்டி) வைத்திருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை ‘எந்த ரேடியோ செட் வாங்கலாம்’ என்றுதான் தொடங்குகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வியில் செட்டைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும். ஆன்டெனா, எர்த், ஸ்பீக்கர் உட்காரும் பலகை, இந்த மூன்றையும் சரி செய்யாமல் ஆயிரம் டாலர் செட் மாட்டினாலும் கேட்பது அதே கரகரப்புதான்.

டல்லாஸ்: எங்களுடையது ஃபைபர்கிளாஸ் பாடி கிளாஸ் ஏ (பேருந்து போன்ற பெரிய வகை) வண்டி. ஊருக்குள்ளேயே எஃப்எம் சரியாக எடுப்பதில்லை. புது செட் மாற்றியும் அப்படியே இருக்கிறது. அடுத்து என்ன வாங்குவது, சார்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். செட்டின் பின்னாலிருந்து ஆன்டெனா பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் நடு முள்ளுக்கும் ஆன்டெனா கம்பியின் நுனிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். நடு முள்ளுக்கும் வெளி உறைக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. வெளி உறைக்கும் வண்டியின் சேஸிஸுக்கும் (இரும்பு அடிச்சட்டம்) நடுவே ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். (ஆம்ப்ளிஃபயர் வைத்த ஆன்டெனா என்றால் முதல் இரண்டு சோதனைகளும் பொருந்தாது.) உங்கள் வகை வண்டியில் பெரும்பாலும் கோளாறு தெரிவது மூன்றாவது சோதனையில்தான்.

காரணம் இதுதான். காரின் மேல் நிற்கும் ஒற்றைக் கம்பி பாதி ஆன்டெனா மட்டுமே. மீதிப் பாதியாக வேலை செய்வது அதன் அடியிலுள்ள இரும்புத் தகடு. ஃபைபர்கிளாஸில் அந்தப் பாதி கிடையாது. எஃப்எம் அலைவரிசையின் நடுப்பகுதியில், அதாவது 98 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், கால் அலைநீளம் சுமார் 76 சென்டிமீட்டர். ஆன்டெனா நிற்கும் இடத்துக்கு உட்புறம் நாலா பக்கமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு அலுமினியத் தகடோ செப்புப் படலமோ ஒட்டி, அதை ஆன்டெனாவின் அடிப்பகுதியோடும், அங்கிருந்து அகலமான பின்னல் வயர் வழியாக சேஸிஸோடும் சேர்த்துவிடுங்கள். இடமில்லை என்றால் இருக்கும் அளவுக்கு ஒட்டுங்கள். அதற்கே வித்தியாசம் தெரியும். தகடு ஒட்ட வழியே இல்லாவிட்டால், எர்த் தகடு தேவைப்படாத டைபோல் வகை ஆன்டெனா கிடைக்கிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிவிடலாம்.

இன்னொன்று. செட் மாற்றியதாகச் சொல்கிறீர்கள். செட்டின் பின்னால் வரும் நீல வயரை எங்கே சேர்த்தார்கள் என்று பாருங்கள். ஆன்டெனாவுக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபயருக்கு 12 வோல்ட் அதன் வழியாகத்தான் போகும். அதை டேப் சுற்றி அப்படியே விட்டுவிடுவது ரொம்பச் சாதாரணம். மின்சாரம் போகாத ஆம்ப்ளிஃபயர், வரும் கொஞ்ச நஞ்ச சிக்னலையும் தடுத்துவிடும்.

சான் ஹோசே: எஃப்எம் பரவாயில்லை. ஏஎம் வைத்தால் மட்டும் காது வலிக்கும் இரைச்சல். சோலார் போட்ட பிறகு இன்னும் மோசம். ஏஎம் இனி எதற்கு என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். தேசியப் பூங்காக்களின் வாசலில் ‘1610 ஏஎம் கேளுங்கள்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். சாலை மூடல், காட்டுத்தீ, பனி பற்றியெல்லாம் அந்தச் சிறிய நிலையங்கள் சொல்லும். அவற்றின் சக்தி 10 வாட்தான், உங்கள் வண்டி போடும் இரைச்சலில் எளிதாக அமுங்கிப்போகும்.

இரைச்சல் வெளியிலிருந்து வரவில்லை, உங்கள் வண்டிக்குள்ளேயே பிறக்கிறது. எல்இடி விளக்கின் உள்ளே இருக்கும் சுற்று, யுஎஸ்பி சார்ஜர், 120 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி சீராக்குவது) எல்லாமே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒட்டுகின்றன. அந்த வெட்டுகளின் சத்தம் ஏஎம் முழுக்கப் பரவும்.

திருடனைப் பிடிக்க ஒரு சின்னக் கையடக்க ரேடியோ போதும். ஏஎம்மில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வெளி மின்சார பிளக்கைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் அந்த லைனில்தான் குற்றவாளி. பிறகு ரேடியோவை அந்த லைனில் உள்ள விளக்குகளுக்கு அருகே ஒவ்வொன்றாகக் கொண்டு போங்கள். ஒரு விளக்கின் கீழ் வரும்போது ‘ஸ்ஸ்’ என்று இருந்தது ‘க்ர்ர்’ என்று மாறும். கையை ஒரு சாண் நகர்த்தினால் குறையும். மலிவான எல்இடி பல்பு என்றால் மாற்றிவிடுங்கள், அதை வடிகட்டிச் சரி செய்ய முயல்வது நேர விரயம்.

சோலார் கன்ட்ரோலரை அப்படி மாற்ற முடியாது. பேனலிலிருந்து வரும் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, கன்ட்ரோலருக்கு அருகே ஃபெரைட் வளையத்துக்குள் (வயரில் வரும் இரைச்சலைத் தடுக்கும் வளையம்) சுற்றுங்கள். வளையத்தின் வகை எண் 31 என்று பார்த்து வாங்குங்கள். ஒரு முறை நுழைத்தால் ஏஎம்மில் பலன் சொற்பம். மூன்று சுற்று சுற்றினால் தடுப்பு ஏறக்குறைய ஒன்பது மடங்கு ஆகும். அதனால் பெரிய வளையமாக வாங்கி, வயர் நுழையும் அளவுக்குச் சுற்றுங்கள். பேட்டரிக்குப் போகும் பக்கமும் இதே போல் ஒன்று.

டொராண்டோ: அண்ணை, சிஎம்ஆர் 101.3-இல் தமிழ் கேட்டுக்கொண்டே புறப்படுகிறோம். அல்கொன்குவின் பூங்காவுக்குப் போகும் வழியில் பாதியிலேயே போய்விடுகிறது. பெரிய ஆன்டெனா போட்டால் கடைசி வரைக்கும் வருமோ?

வராது தம்பி. எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். பூமி வளைகிற இடத்தில் அது தலைக்கு மேலே போய்விடும். 300 மீட்டர் உயரத்தில் ஒலிபரப்பு ஆன்டெனா இருந்தால், உங்கள் வண்டிக் கூரைக்கு எட்டும் தூரம் சுமார் 80 கிலோமீட்டர். அதைத் தாண்டிக் கொஞ்சம் இழுக்கலாம். அல்கொன்குவினின் மேற்கு வாசலுக்குச் சாலை வழியே 250 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பாறைக் குன்றுகள் வேறு. பெரிய ஆன்டெனாவால் இன்னும் சில கிலோமீட்டர் கிடைக்கும், அவ்வளவுதான்.

சாலையில் டேட்டா இருக்கும் வரைக்கும் இணைய வழியில் கேட்கலாம். பூங்காவுக்குள் பல இடங்களில் அதுவும் இருக்காது. வேண்டிய நிகழ்ச்சிகளையும் பாட்டுகளையும் புறப்படும் முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். சாட்டிலைட் ரேடியோ வாங்கச் சொல்வார்கள். திறந்த சாலையில் அது அருமை. ஆனால் அதன் அலை 2.3 கிகாஹெர்ட்ஸ், அடர்ந்த இலைகளைத் தாண்டி வராது. பைன் மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தினால் விட்டு விட்டுத்தான் வரும்.

டென்வர்: பகலில் ஒன்றிரண்டு ஏஎம் நிலையங்கள்தான். இரவானால் எங்கெங்கோ இருக்கும் ஊர்கள் எல்லாம் வருகின்றன. செட்டில் ஏதாவது கோளாறா?

கோளாறே இல்லை, ஆர்விக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வான்மண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்குகள் இருக்கின்றன. பகலில் வெயில் உண்டாக்கும் கீழடுக்கு ஏஎம் அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்து, அலை இன்னும் மேலே போய், அங்கே பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்குகிறது. 50,000 வாட்டில் ஒலிபரப்பும் நிலையங்கள் பல உண்டு. உங்கள் ஊரின் கேஓஏ 850, நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் 650, சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூ 700, பாஸ்டனின் டபிள்யூபிஇசட் 1030. சான் ஹோசே நண்பருக்குச் சொன்னபடி வண்டியின் இரைச்சலை அடக்கிவிட்டு, ஊருக்கு வெளியே நிறுத்தி, இரவு பத்து மணிக்கு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒலி ஏறி இறங்கும், அது இயல்பு.

சிகாகோ: மேற்கு வர்ஜீனியா மலைகளில் ஸ்கேன் போட்டால் ஒன்றும் நிற்கவில்லை.

அங்கே 1958-இல் அறிவித்த தேசிய ரேடியோ அமைதி வட்டாரம் இருக்கிறது. சுமார் 13,000 சதுர மைல். கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கிக்கு இடைஞ்சல் வராதபடி ஒலிபரப்புகளைக் கட்டுப்படுத்துகிறார்கள். மலைகளும் மறைக்கும். உங்கள் செட் நன்றாகத்தான் இருக்கிறது.

அட்லாண்டா: வெளிப்பக்க ஸ்பீக்கரில் சாயங்காலம் முழுக்கப் பாட்டு கேட்டோம். காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை.

உங்கள் டாஷ்போர்டு செட் இன்ஜின் பேட்டரியில் இருக்கிறது. மோட்டார்ஹோமில் இரண்டு பேட்டரித் தொகுதிகள்: ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று வீட்டுப் பகுதிக்கு (ஹவுஸ் பேட்டரி). நிறுத்திய இடத்தில் பாட்டு கேட்பவர்கள் செட்டை இரண்டாவதற்கு மாற்றிக்கொள்வதுதான் முறை. செட்டுக்கு வரும் மஞ்சள் வயர் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது. இரண்டையும் ஒரு சுவிட்ச் வழியாக ஹவுஸ் பேட்டரிக்கும் எடுங்கள். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் போடாமல் வயர் இழுக்காதீர்கள். பலகையும் பஞ்சுமாக இருக்கும் வண்டியில் உரசிய வயர் தீப்பிடிக்கும்.

கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டும் சின்ன ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) சேர்ந்து 3 ஆம்பியர் இழுத்தால், பத்து மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால், விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் மீதி 20தான்.

அப்புறம், தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலுக்கு மேல் ஒலி போகக் கூடாது என்று விதி இருக்கிறது. இரவு பத்து மணிக்குப் பிறகு வெளி ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள். பக்கத்து வண்டியில் கைக்குழந்தை தூங்கும்.

எட்மன்டன்: 50 வாட் பெருக்கல் 4 என்று போட்ட செட், நல்ல கம்பெனி ஸ்பீக்கர். ஆனாலும் ஒலி டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது. பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) இல்லவே இல்லை. ஆம்ப் சேர்க்கட்டுமா?

ஆம்ப் பிறகு. அட்டைப்பெட்டியில் எழுதிய 50 வாட் உச்ச அளவு. 12 வோல்ட் செட் தொடர்ந்து தருவது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் பக்கம்தான். ஆர்வியின் உட்புறத்துக்கு அது தாராளம். குறை ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கும் விதத்தில்.

முதலில் முனைகளைப் பாருங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் சாதாரண பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும். வயரின் மறுமுனையிலிருந்து இதையே செய்தால் எந்த வயர் எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும். இரண்டில் ஒன்று தலைகீழாக இருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும், பேஸ் முழுக்கக் காணாமல் போகும். பேஸ் இல்லை என்று வரும் புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அது சரியாக இருந்தால் அடுத்தது பலகை. ஆர்விச் சுவரில் மெல்லிய பிளைவுட்டில் ஓட்டை போட்டு நான்கு திருகில் மாட்டியிருப்பார்கள். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி சுவரின் பொந்து வழியாகச் சுற்றி முன்னால் வந்து முன் ஒலியை அடித்துவிடும். முக்கால் அங்குல மரத்தில் ஒரு வளையம் வெட்டி, அதை பிளைவுட்டில் பசை போட்டு இறுக்கி, ஸ்பீக்கரை அதில் மாட்டுங்கள். சுற்றிலும் நுரைப் பட்டை வைத்து இடைவெளியை அடையுங்கள். சுற்றியுள்ள பிளைவுட்டின் பின்னால் கை எட்டினால், காரின் கதவுகளில் ஒட்டும், அதிர்வை அடக்கும் பியூட்டைல் தகடு ஒட்டுங்கள். கூரையில் கீழ்நோக்கிய ஸ்பீக்கர் மட்டும்தான் என்றால், உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் ஒரு ஜோடி சேருங்கள்.

இதற்குப் பிறகும் பேஸ் வேண்டுமென்றால் இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்ன சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) ஒன்று போதும். அதை மாட்டிய அன்றே 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியைப் போனில் ஓடவிட்டு, வண்டிக்குள் நடந்து ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். குளியலறைக் கதவு, ஜன்னல் மறைப்பின் அடிக்கட்டை, கரண்டி போட்ட டிராயர், இவைதான் முதலில் அதிரும். அதிரும் இடத்தில் சின்ன ஃபெல்ட் துண்டு ஒட்டினால் அடங்கும்.

ஹூஸ்டன்: போனைச் சார்ஜில் போட்டு, போனையும் செட்டையும் இணைக்கும் ஆக்ஸ் வயரில் பாட்டு வைத்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ‘உய்ய்’ என்று ஏறுகிறது.

சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக இன்னொன்று. ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அந்த வளையத்தில் ஓடுகிறது. ஆக்ஸ் லைனில் அந்த வளையத்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள், அல்லது புளூடூத்துக்கு மாறுங்கள்.

ஒக்லஹோமா சிட்டி: குழந்தைகளோடு போகிறோம். புயல் எச்சரிக்கைக்குப் போன் போதுமா, தனி ரேடியோ வேண்டுமா, சார்?

தனி ரேடியோ கட்டாயம் வேண்டும். டவர் விழுந்தால் போன் பேசாது. நோவா (அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பு) வானிலை ரேடியோ 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் நாள் முழுக்க ஒலிபரப்பாகிறது. சாதாரண எஃப்எம் செட்டில் வராது. அதற்கென்று இருக்கும் ரேடியோ வாங்குங்கள். எச்சரிக்கை வந்தால் தானாகவே அலறும் வகையாக இருக்கட்டும்.

எச்சரிக்கைகளில் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயரைச் சொல்வார்கள். பயணிக்கு அது தெரியாது என்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு இரவும் எந்தக் கவுன்டியில் நிற்கிறீர்கள், அதன் மேற்கிலும் தென்மேற்கிலும் எந்தக் கவுன்டிகள் என்று ஒரு தாளில் எழுதி ரேடியோவுக்கு அருகே ஒட்டுங்கள். உங்கள் பக்கம் டொர்னேடோக்கள் (சுழல்காற்று) பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வருகின்றன. ரேடியோவில் கவுன்டிக் குறியீடு போட்டு வைத்திருந்தால் இடம் மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். மறந்துவிடுவோம் என்று தோன்றினால் எல்லாக் கவுன்டிகளுக்கும் அலறும்படி வைத்துவிடுங்கள். உள்ளே சாதாரண பேட்டரியும் போட்டு வையுங்கள்.

டொர்னேடோ வந்தால் ஆர்விக்குள் இருக்கக் கூடாது. முகாமில் பதிவு செய்யும்போதே, ஒதுங்குவதற்கு உறுதியான கட்டடம் எது என்று கேட்டு, குழந்தைகளோடு ஒரு முறை அதுவரை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.