நேர்ந்துகொண்ட பத்து ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

டயோக்ளீஷியன் கி.பி. 284 நவம்பரில் பேரரசர் ஆனார். ஆனால் ரோமில் அவருடைய இருபதாம் ஆண்டு விழா நடந்தது 303 நவம்பரில். கணக்கு உதைக்கிறதே? மக்கள் வரிப்பணத்தில் தனக்குத் தானே வெள்ளிவிழா எடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியது ரோமானியர்தானா?

ர.

அன்புள்ள ர.,

கணக்கு சரிதான். இருபதாவது ஆண்டு பிறக்கும்போதே கொண்டாடிவிடுவார்கள். பின்னால் வந்த பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-ல் நிக்கோமீடியாவில் ஒரு தடவை, 326-ல் ரோமில் இன்னொரு தடவை என்று தன் இருபதாவது ஆண்டின் இரண்டு முனையிலும் கொண்டாடினார். வரிப்பணத்தை விடுங்கள், அது எந்த ஊரில் இல்லை?

எனக்கு உறுத்துவது 'வெள்ளிவிழா' என்ற உங்கள் சொல். எதைப் பார்த்தாலும் மாலையும் மேடையும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. இது நேர்த்திக்கடன் ஐயா! இன்னும் பத்து ஆண்டு இவரைக் காப்பாற்று, பலி தருகிறோம் என்று தெய்வங்களிடம் வேண்டிக்கொள்வார்கள். பத்து முடிந்தால் கடனைத் தீர்த்துவிட்டு, கையோடு அடுத்த பத்துக்கு நேர்ந்துகொள்வார்கள். பிற்கால நாணயங்களில் 'வோட்' என்று போட்டு பத்து, 'முல்ட்' என்று போட்டு இருபது. தீர்த்தது அது, நேர்ந்தது இது. கடன் பத்திரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் ரோமப் பேரரசர் பெர்டினாக்ஸின் வெள்ளி நாணயம் ஒன்றைப் பார்த்தேன். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தலையில் முக்காடிட்டு, முக்காலிப் பீடத்தின்மேல் கிண்ணத்தைச் சாய்த்து நிற்கிறார். சுற்றிலும் பத்தாண்டு வேண்டுதல் வாசகம். விடுதலையான அடிமையின் மகன், ஒருகாலத்தில் இலக்கண வாத்தியார். 193 ஜனவரி 1 அன்று அரியணை ஏறினார். 87-ஆம் நாள் மெய்க்காவல் படையே வெட்டிப் போட்டது. பத்து ஆண்டுக்கு நேர்ந்தவருக்கு மூன்று மாதம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. கால் கடுக்க அங்கேயே நின்றேன். 'தனக்குத் தானே விழா' என்று எழுதுமுன் அந்தக் கிண்ணத்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள், தம்பி. பயந்தவன் கை அது.

அப்புறம் உங்கள் டயோக்ளீஷியன். விழா முடிந்தபின் ரோமானியரின் வாய்த்துடுக்கு பொறுக்காமல், புத்தாண்டுக்குக்கூட நிற்காமல் ஊரைவிட்டுக் கிளம்பினார் என்கிறார் அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ். (அவருக்கு இவர்மேல் தீராத கோபம், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.) வழியெல்லாம் குளிரும் மழையும். படுத்த உடம்பு பழையபடி தேறவே இல்லை. 305 மே 1 அன்று அரச அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.