கால்மிதி காயுமா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். சிமென்ட் தரை, விடியற்காலையில் கால் வைக்க முடியவில்லை. அக்கா தையல் கடை வைத்திருப்பதால் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. பழைய புடவைகளும் ஸ்வெட்டர்களும் இருக்கின்றன. போன ஐப்பசியில் புடவையைக் கிழித்துச் சடை போலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்து ஒரு கால்மிதி செய்தேன். நடுவில் குழிந்து கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. துவைத்துப் போட்டேன், ஐந்து நாளாகியும் காயவில்லை. கரும்புள்ளி விழுந்து நாற்றமும் வந்துவிட்டது. எங்கே தப்பு செய்தேன்? வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார், வழுக்கவும் கூடாது. நன்றாக வந்தால் விற்கலாமா?

பதில்: கிண்ணம் ஆனது தையல் கோளாறு. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். காயாமல் போனதுதான் பெரிய விஷயம், அது நீங்கள் துணியை எடுத்து வைத்தபோதே முடிவாகிவிட்டது. அதனால் முதலில் அதைப் பேசிவிடலாம்.

கால்மிதி செய்யச் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் சமவெளிக்காரர்கள். திருப்பூரிலோ ஈரோட்டிலோ காலையில் மொட்டைமாடியில் விரித்தால் எவ்வளவு தடிமனான மிதியும் சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். நமக்கு அப்படியில்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் மழை நின்றாலும் மஞ்சு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதே தொல்லை ஆனி, ஆடியில். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது துணியில் இருக்கும் ஈரம் எங்கே போகும்?

நான் செய்த முதல் மிதியும் இப்படித்தான் போனது. அம்மாவின் நூல் புடவைகள் ஆறேழை வைத்துக் கட்டைவிரல் தடிமனுக்குப் பின்னினேன். எடை இரண்டரைக் கிலோ இருக்கும். நனைத்த பிறகு ஒருத்தியால் தூக்க முடியவில்லை, கொடிக்கயிறு அறுந்து செடி மேல் விழுந்தது. ஒன்பது நாள் தாழ்வாரத்தில் கிடந்தது, கடைசியில் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: தண்ணீர் படுகிற இடத்துக்குச் செய்யும் மிதி ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது, தடிமன் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிதாக வேண்டுமென்றால் சின்னதாக இரண்டு செய்யுங்கள். ஒன்று கொடியில் கிடக்கும், இன்னொன்று தரையில் கிடக்கும்.

தடிமனான மிதி ஆகவே ஆகாது என்று சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போடுவது நனையப் போவதில்லை, அது எவ்வளவு கனமாக இருந்தாலும் நல்லதுதான். காலுக்குச் சூடு தருவது துணிக்குள் அடைபட்டிருக்கும் காற்று. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் மிதியே சில்லிடும். எனவே உங்களிடம் இருக்கும் துணியை முதலில் இடவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

குளியலறை வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நூல் புடவை, பழைய பனியன், பருத்தி நைட்டி. இவை தண்ணீரை உறிஞ்சும், அதனால்தான் மெல்லிசாகச் செய்யச் சொல்கிறேன். தெரு வாசலுக்குப் பாலியஸ்டர் புடவை, லைனிங் துணி, ஜாக்கெட் வெட்டுகள். இவை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளாது, செம்மண்ணை உதறினால் போய்விடும், சீக்கிரம் காயும். பருத்தியையும் பாலியஸ்டரையும் ஒரே சடையில் சேர்க்காதீர்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும், பாலியஸ்டர் அசையாது, மிதி அலை அலையாக நெளிந்துவிடும். எது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். டெரிகாட்டன் என்றால் கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் மணி.

ஸ்வெட்டருக்கும் இதே சோதனைதான். ஊட்டித் திபெத்தியர் கடைகளில் வாங்கியது என்பதாலேயே கம்பளி என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் நாம் போட்டுக் கிழிக்கும் ஸ்வெட்டர்களில் நிறைய அக்ரிலிக்தான். கம்பளி, முடி கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரியும், தீயை எடுத்தால் தானே அணையும். அக்ரிலிக் குபுகுபுவென்று எரிந்து உருகிச் சொட்டும். கம்பளியாக இருந்தால் அதிர்ஷ்டம். கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரில் சோப்புப் போட்டு, கட்டையால் நன்றாகக் குத்தித் துவைத்தால் சுருங்கி இறுகிவிடும். பிறகு எப்படி வெட்டினாலும் பிசிறு வராது. அக்ரிலிக் அப்படி இறுகாது, ஆனாலும் கட்டிலடிக்கு உதவும். ஒன்று மட்டும் கவனம்: அக்ரிலிக், பாலியஸ்டர் மிதியைக் கணப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் போடாதீர்கள், ஒரு பொறி போதும். கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரியடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. கேள்வியில் இல்லைதான், குளிர் என்று எழுதியிருப்பதால் சொல்லி வைக்கிறேன்.

அக்கா கடை வெட்டுத் துணியில் பெரும்பாலும் கையகலத் துண்டுகள்தான் இருக்கும். அவற்றை ஒட்டுப்போட்டுச் சடை பின்னுவது வீண் வேலை, மிதியில் துணியைவிட முடிச்சுதான் அதிகம் இருக்கும். அதற்குச் சாக்கு முறைதான் லாயக்கு. உருளைக்கிழங்கு மூட்டை வந்த சணல் சாக்கு ஒன்றைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஓரத்தை மடித்துத் தையுங்கள். துணியை 2 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பெரிய ஆணியாலோ கூர்தீட்டிய குச்சியாலோ சாக்கில் துளை போட்டு, துண்டின் ஒரு முனையை உள்ளே விட்டு, இரண்டு இழை தள்ளி இன்னொரு துளையில் மறுமுனையை வெளியே எடுங்கள். நெருக்கமாகக் குத்திக்கொண்டே போனால் துண்டுகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும், முடிச்சு வேண்டாம். பின்புறம் பழைய போர்வை ஒன்றை வைத்துத் தைத்தால் ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று இருக்கும். கட்டிலடிக்கு இதைவிடச் சூடான மிதி எனக்குத் தெரிந்து இல்லை. ஈரம் படும் இடத்தில் மட்டும் போடாதீர்கள். சணல் ஈரத்தில் மட்கும்.

இனி சடைக்கு வருவோம். எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஒருமுறை துவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். சாயம் போகும் துணியென்றால் அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசவும். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், எனக்குத் தெரிந்து நின்றதில்லை. நூல் புடவையைக் கத்தரிக்க வேண்டாம். ஓரத்தில் ஒரு வெட்டுக் கொடுத்து நீளவாக்கில் கிழித்தால் நூல் போன போக்கில் நேராகக் கிழியும். அகலம் 3 அங்குலம். பனியனை மட்டும் உடம்பைச் சுற்றிவரும் குறுக்குவாக்கில் வெட்ட வேண்டும். இழுத்துவிட்டால் ஓரங்கள் தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும், பிசிறும் உள்ளே போய்விடும். திருப்பூரில் கிலோக் கணக்கில் விற்கிற பனியன் வேஸ்ட் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

கீற்றுகளை முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள், மாமியார் காலில் கல் மாதிரி குத்தும். இரண்டு கீற்றின் முனையிலும் பொத்தான் துளை அளவுக்கு ஒரு வெட்டு. புதுக் கீற்றின் வெட்டுள்ள முனையைப் பழைய கீற்றின் வெட்டுக்குள் நுழைத்து, புதுக் கீற்றின் வால் முனையை அதன் சொந்த வெட்டு வழியாகவே இழுத்துவிடுங்கள். கையால் தடவினால்கூட இணைப்பு தெரியாது.

60 செ.மீ.க்கு 90 செ.மீ. நீள்வட்ட மிதிக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று தோராயமாகச் சொல்கிறேன். சடை 2 செ.மீ. அகலம் வந்தால் சுமார் 23 மீட்டர் சடை தேவை. பின்னும்போது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஆகவே சடையின் மூன்று கால்களும் தலா 35 மீட்டர், மொத்தம் 105 மீட்டர் கீற்று. ஐந்தரை மீட்டர் நூல் புடவையை 3 அங்குலமாகக் கிழித்தால் 75, 80 மீட்டர் கிடைக்கும். நைந்த இடங்களைக் கழித்தால் இரண்டு புடவை. அவ்வளவுதான், நான் சொன்ன ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும்.

இப்போது உங்கள் கிண்ணம். வட்டமாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட நீளமாக இருந்தே ஆக வேண்டும். 2 செ.மீ. சடை என்றால் சுற்றுக்கு 12 செ.மீ.யும் கொஞ்சமும் கூடும், மிதி எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. நீங்கள் சடையை இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள், அந்த 12 செ.மீ. கிடைக்காததால் விளிம்பு சுருங்கி நடு குழிந்துவிட்டது. மாறாக அதிகமாக விட்டுத் தைத்தால் விளிம்பு பாவாடைக் கொசுவம் போல அலையும். நீள்வட்டத்தில் இந்தக் கூடுதல் முழுவதும் இரண்டு முனை வளைவுகளுக்கு மட்டும்தான், முனைக்கு ஆறு சென்டிமீட்டர். நேர்ப் பக்கத்தில் சடையைத் தளர விடவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். நீள்வட்டத்தில் நடுச் சடை எவ்வளவு நீளம் என்று தடுமாறுவார்கள்: நீளத்திலிருந்து அகலத்தைக் கழியுங்கள். 90இல் 60 போனால் 30 செ.மீ., அங்கே திருப்புங்கள்.

இன்னொன்று, மடியில் வைத்துத் தைத்தீர்களா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மடி வளைந்திருக்கிறது, மிதியும் அந்த வளைவையே எடுத்துக்கொள்ளும். மேஜையிலோ தரையிலோ படுக்க வைத்து, கோணி ஊசியில் தடித்த நைலான் நூல் கோத்து, பக்கத்துச் சடையின் கண்ணிகளுக்குள் மாற்றி மாற்றி நுழைத்துத் தையுங்கள். வளைவுகளில் மட்டும் வெளிச் சடையில் அவ்வப்போது ஒரு கண்ணியைத் தாண்டிவிடுங்கள். மூன்று சுற்றுக்கு ஒருமுறை எழுந்து நின்று பாருங்கள். குழிய ஆரம்பித்த சுற்று எதுவோ அதுவரை பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும், இஸ்திரி போட்டு அமுக்கினால் சரியாகும் என்பதெல்லாம் அடுத்த சலவை வரைக்கும்தான். பிரிக்க மனம் வராவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். என் இரண்டாவது கிண்ணத்தில் இன்றைக்கும் பூண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் உங்களுடையதில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதே. வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்துத் துவைத்து, வெயில் வரும் நாளில் காயப்போடுங்கள். புள்ளி முழுக்கப் போகாது, நாற்றம் போகலாம். இரண்டு சலவைக்கும் போகாவிட்டால் மாமியார் இருக்கும் வீட்டில் அதை வைக்க வேண்டாம். பிளீச்சிங் வெள்ளைப் பருத்திக்கு மட்டும். அதோடு வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ கலந்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

லைன் வீட்டுத் தரை கீழிருந்தும் ஈரம் விடலாம். ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் தரை ஈரம் விடுகிறது என்று அர்த்தம். அப்படியானால் எந்த மிதியையும் இரவு பகலாக அங்கேயே விடக் கூடாது, காலையில் எழுந்ததும் தூக்கி நாற்காலி முதுகில் போடுங்கள். வழுக்காமல் இருக்கப் பசை தடவி ரப்பர் ஒட்டச் சொல்வார்கள், ஒட்டாதீர்கள். முதுகு அடைபட்டால் மறுபடி ஐந்து நாள் கதைதான். கண்ணி கண்ணியாக இருக்கும் ரப்பர் வலை கடைகளில் கிடைக்கிறது. அளவுக்கு வெட்டி மிதிக்கு அடியில் தனியாக விரித்தால் போதும், துவைக்கும்போது எடுத்துவிடலாம். மாமியாருக்கு வழுக்கலைவிட இடறல்தான் பயம், ஓரம் தூக்கிக்கொண்டிருக்கும் மிதியை அவர் நடக்கும் வழியில் போடவே வேண்டாம்.

பிழிவதற்கு முறுக்காதீர்கள், சுருட்டி மேலே ஏறி மிதியுங்கள். மடித்துக் கொடியில் போடாமல், இரண்டு கயிறுகளுக்கு மேலே பாலம் போல விரித்தால் அடியிலும் காற்று ஓடும். மழைக்காலத்தில் பின்னுங்கள், தை முதல் பங்குனி வரை வெயில் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒருமுறை நன்றாகத் துவைத்து எடுத்துவிடுங்கள்.

விற்பனையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கிழிப்பது, பின்னுவது, தைப்பது எல்லாம் சேர்த்து ஒரு மிதிக்கு எனக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. சந்தையில் மெஷின் மிதி விற்கும் விலைக்கு உங்களால் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹோம்ஸ்டேக்காரர்களிடம் காட்டுங்கள், கையால் செய்தது என்பதற்குக் காசு கொடுப்பவர்கள் அங்கேதான் வருகிறார்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்தையல் மாதிரிப் போட்டால் விலை போகும் என்று ஒரு வியாபாரி என்னிடம் சொன்னார், மறுத்துவிட்டேன். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலைப்பாட்டை அவர்கள் தோளில் போர்த்துகிறார்கள், இறந்தவர்கள் மேலும் போர்த்துகிறார்கள். காலடியில் போட அது நம்முடையது இல்லை. விற்கிற மிதியைப் பாலிதீனில் கட்டித் தராதீர்கள். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, உள்ளே ஈரமும் வியர்க்கும். மிச்சக் கீற்று ஒன்றால் சுருட்டிக் கட்டிக் கொடுத்தால் போதும்.