ஆட்டிசம் இருந்தால் கார் ஓட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 22. ஆட்டிசம் இருப்பதாகப் பள்ளியில் படிக்கும்போதே கண்டுபிடித்தார்கள். பி.காம். முடித்துவிட்டு சத்துவாச்சாரியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வீடு காட்பாடி காந்தி நகரில். வேலையைவிட பஸ்ஸில் போய் வருவதுதான் கஷ்டம். கூட்டம், விசில், மேலே வந்து இடிப்பது எல்லாம் சேர்ந்து, ஆபீஸ் போய்ச் சேரும்போதே ஓய்ந்துவிடுகிறேன். வீட்டில் கார் இருக்கிறது. எல்.எல்.ஆர். போட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுப்பவர் கத்தியதில் ஒருநாள் கை கால் ஓடாமல் நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதோடு போவதை நிறுத்திவிட்டேன். “உனக்கெதுக்கும்மா இதெல்லாம், நான் கொண்டுபோய் விடறேன்” என்கிறார் அப்பா. என்னால் கார் ஓட்ட முடியுமா? ஆட்டிசம் இருப்பதை ஸ்கூலிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் சொல்ல வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காட்பாடி

பதில்: ஆட்டிசம் என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் தரக் கூடாது என்று நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. உங்களால் முடியுமா என்பதை அந்தச் சில நாள் வகுப்பை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. அதில் தெரியவந்தது ஒன்றுதான்: கத்தினால் உங்களுக்குப் பாடம் ஏறாது. கத்தினால் பெரும்பாலும் யாருக்கும் ஏறாது. மற்றவர்கள் சமாளித்துக்கொண்டு போகிறார்கள், உங்களுக்குக் கை கால் ஓடவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செய்தது. ஆட்டிசம் இருந்து, அறிவுத்திறன் குறைபாடு இல்லாத இளைஞர்களில் சுமார் மூன்றில் ஒருவர் 21 வயதுக்குள் லைசென்ஸ் எடுத்திருந்தார்கள். அப்படி எடுத்தவர்கள் மற்ற இளைஞர்களைவிட அதிகமாக விபத்தில் சிக்கவில்லை. போக்குவரத்து விதிகளை மீறியதும் குறைவு, வேகத்தால் வந்த விபத்தும் குறைவு. 2021இல் வெளியான இந்த முடிவை அப்பாவிடம் தாராளமாகக் காட்டலாம். ஆனால் அதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது, அது உங்களுக்கு. அவர்களுக்கு நேர்ந்த விபத்துகளில், வழிவிட வேண்டிய இடத்தில் வழிவிடாததும், இடதுபுறம் திரும்பும்போதோ யூ டர்ன் அடிக்கும்போதோ நடந்ததும் மற்றவர்களைவிட அதிகம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் இடதுபுறம் திரும்பினால் எதிரே வரும் வண்டிகளைக் கடக்க வேண்டும். நமக்கு அது வலதுபுறம் திரும்புவது. ஆக, நீங்கள் கூடுதலாக உட்கார்ந்து கற்க வேண்டியது அதைத்தான். வலதுபுறத் திருப்பத்துக்கென்றே தனியாகச் சில வகுப்புகள் கேளுங்கள். வண்டி வராத தெருவில் ஆரம்பித்து, பிறகு ஒரு வண்டி, பிறகு நாலு வண்டி என்று பழகுங்கள்.

சரி, நம்மூருக்கு வருவோம். நியூ ஜெர்சியில் விதியை மனப்பாடம் செய்துகொண்டு போனால் பெருமளவு சமாளித்துவிடலாம். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் அது நடக்காது. விதிப் புத்தகத்தில் இருப்பது ஒன்று, ரோட்டில் நடப்பது வேறு. உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான சிரமம் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். விதிகளை நீங்கள் எங்களைவிட நன்றாகவே கடைப்பிடிப்பீர்கள். எதிரே வருபவரின் முகத்தையும் கையசைப்பையும் பார்த்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று ஊகிப்பதில்தான் சிக்கல்.

அதனால் முகத்தைப் பார்க்க வேண்டாம், சக்கரத்தைப் பாருங்கள். சில்க் மில் ஸ்டாப்பில் நிற்கும் டவுன் பஸ்ஸின் முன்சக்கரம் வலதுபுறமாகத் திரும்ப ஆரம்பித்தால், அது வெளியே வரப்போகிறது, உங்களுக்காக நிற்காது. முன்னால் போகிற ஷேர் ஆட்டோவுக்கு இடதுபுறத்தில் யாராவது கை காட்டி நின்றால், ஆட்டோ எந்த சிக்னலும் இல்லாமல் ஓரங்கட்டி நிற்கும். அந்த ஆளைப் பார்த்தவுடனே நீங்கள் பிரேக்கில் கால் வைத்துவிட வேண்டும். எதிரே வருபவர் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் நம்மூரில் பெரும்பாலும் “நான் நிற்க மாட்டேன், நீ நில்” என்று பொருள். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் இரண்டில் ஒன்று: அது வலதுபுறம் திரும்பப் போகிறது, அல்லது “ரோடு காலி, நீ முந்திப் போ” என்கிறார் டிரைவர். எது என்று உறுதியாகத் தெரியாதவரை முந்தாதீர்கள். அப்புறம் ஹாரன். பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறவர்களில் பெரும்பாலோர் உங்கள்மேல் கோபமாக இல்லை, “நான் இங்கே இருக்கிறேன்” என்கிறார்கள். தப்புச் செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, உங்கள் லேனிலேயே அதே வேகத்தில் போங்கள்.

இவையெல்லாம் எழுதாத விதிகள். நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகியவை. நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இதைப் பார்த்தால் இது நடக்கும், அப்போது நான் இதைச் செய்ய வேண்டும். கணக்குப் படித்தவர், லெட்ஜர் மாதிரி நீங்களே பத்தி பிரித்துக்கொள்வீர்கள்.

இதைக் கற்க ஸ்டியரிங் பிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அப்பாதான் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாரே, சரி என்று சொல்லுங்கள். முன் சீட்டில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து சத்துவாச்சாரி வரை நீங்கள் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள். “இடதுபுறம் பைக், சைடு ஸ்டாண்டை எடுக்கிறார், கிளம்பப் போகிறார்.” “விருதம்பட்டு, முன்னால் பள்ளி வேன், கதவு திறந்திருக்கிறது, பிள்ளைகள் இறங்கலாம்.” “பாலாற்றுப் பாலம், பைக் எதிர்த்திசையில் ஓரமாக வருகிறது.” நீங்கள் தவறவிட்டதை அப்பா சொல்லட்டும். நீங்கள் எவ்வளவு கவனிக்கிறீர்கள் என்பது அவர் காதுக்கே கேட்கும். அவரிடம் வாதாடுவதைவிட இது நல்லது. அவர் உங்களைத் தடுக்க நினைப்பவர் அல்ல, பயப்படுகிறவர். ஆனால் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவரிடம் தர வேண்டாம். பயத்தில் இருப்பவரின் குரல் தானாக உயரும், அப்புறம் பழைய கதைதான்.

டிரைவிங் ஸ்கூல் விஷயத்துக்கு வருகிறேன். சொல்லிக்கொடுப்பவரிடம் சொல்லுங்கள் என்பதே என் பதில். ஆட்டிசம் என்ற சொல்லைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். அந்தச் சொல்லை மட்டும் சொன்னால் பலருக்கு என்ன செய்வதென்று தெரியாது. என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். திரும்ப வேண்டிய இடத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாது. ஆபத்து என்றால் அவர் பக்கம் உள்ள பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும். “கொஞ்சம் ஒடி”, “பாத்துப் போ” என்பதற்குப் பதிலாக ஸ்டியரிங்கை அரைச் சுற்றா, கால் சுற்றா, எந்த வண்டியைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். முதல் நாளுக்கு முன்பே இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். படித்துவிட்டுச் சிரிக்கிறவராக இருந்தால் வேறு ஸ்கூல் பாருங்கள். பெண் பயிற்சியாளர் இருந்தால் சிலருக்கு இன்னும் இலகுவாக இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். இன்னொன்று: நம்மூர் ஸ்கூல்களில் மற்ற மாணவர்களையும் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பது வழக்கம். உங்களுக்கு அது ஒத்துவராது. கூடுதலாகப் பணம் கொடுத்தாலும் பரவாயில்லை, தனி வகுப்பு கேளுங்கள். ஞாயிறு விடியற்காலை, காந்தி நகர் தெருக்களிலேயே ஆரம்பிக்கலாம்.

உங்கள் வீட்டுக் கார் கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா என்று எழுதவில்லை. முடிந்தால் ஆட்டோமேட்டிக்கில் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். கிளட்ச், கியர், ஸ்டியரிங், கண்ணாடி, எதிரே வருபவர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுவதுதான் பலருக்குத் தலையைச் சுற்ற வைக்கிறது. அதில் இரண்டு குறைந்தால் கண் ரோட்டில் நிற்கும். காருக்கான லைசென்ஸில் கியர், ஆட்டோமேட்டிக் என்ற பிரிவு கிடையாது. கியர் வண்டிதான் இருக்கிறது என்றால், காலியான மைதானத்தில், கிளட்சைப் பாதி மட்டும் விட்டு வண்டியை நகர்த்தும் ஹாஃப் கிளட்ச் கால் பழக்கத்தில் வரும்வரை தெருவுக்கு வராதீர்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸைப் பொறுத்தவரை, எல்.எல்.ஆர். போடும்போதே படிவம் 1 கொடுத்திருப்பீர்கள். உடல்தகுதி பற்றி நீங்களே தரும் உறுதிமொழி அது. வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா, 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பு பச்சை நிறம் பிரித்தறிய முடியுமா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் கேட்கும். ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ஆனால் வண்டி ஓட்டுவதை ஆபத்தாக்கும் வேறு நோயோ குறைபாடோ உண்டா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு உண்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே, அடுத்த வகுப்புக்கு முன் உங்கள் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு வலிப்பும் இருக்கும்; உங்களுக்கு எப்போதாவது வந்திருந்தால் அதை மறைக்கவே கூடாது. மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அது தூக்கம் வரவழைக்குமா என்று கேளுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரையும் பாருங்கள். கை கால் ஒத்திசைவு, கண் எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறது என்பதையெல்லாம் அவரால் சோதித்துச் சொல்ல முடியும். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும்போது இதற்காக நீங்கள் சென்னை போக வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்தப் பட்டியல் உரிமைகளுக்காக, ஆகவே சான்றிதழ் வாங்கினால் லைசென்ஸ் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

நடுரோட்டில் கை கால் ஓடாமல் போன அந்த நாள் மறுபடி வரலாம். வராது என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் முதலில் பழக வேண்டியது வண்டியை நிறுத்துவதை. இடது இண்டிகேட்டர், கண்ணாடி பார்ப்பது, ஓரம், பிரேக், பார்க்கிங் பிரேக், நாலு பக்க விளக்கு. இதே வரிசையில், யோசிக்காமலே கை போகும்வரை, வகுப்பின் ஆரம்பத்தில் ஒருமுறை முடிவில் ஒருமுறை செய்யுங்கள். சத்தம் தாங்காத நாளில் ஜன்னலை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொள்ளுங்கள், பாட்டு வேண்டாம், ஆனால் காதை அடைக்காதீர்கள். ஹாரன் கேட்டாக வேண்டும். ஆபீஸில் ஏற்கெனவே ஓய்ந்துபோன நாளில் சாவியை எடுக்காதீர்கள், அன்றைக்கு ஆட்டோ.

எல்.எல்.ஆர். தேதியை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதம்தான் செல்லும். முடிந்திருந்தால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். 30 நாள் கழிந்ததும் டெஸ்ட்டுக்குப் போகலாம் என்பதற்காக ஸ்கூல்காரர் அவசரப்படுத்தினால் இணங்காதீர்கள். டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டரிடம், “ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்க சார், அப்படியே செய்றேன்” என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வந்தபிறகு சில மாதங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு, இந்த ஒரு வழி மட்டும் போதும். இரவும் மழையும் அப்புறம். திருவிழாவுக்கோ பள்ளம் தோண்டியதற்கோ வழியை அடைத்திருந்தால், முன்னால் போகிறவர் பின்னாலேயே தெரியாத சந்தில் நுழையாமல், ஓரமாக நிறுத்திவிட்டு அப்பாவுக்கு போன் செய்யுங்கள்.