லாரி திரும்ப இடமில்லாத தெருவில் பெரிய கடை

கேள்வி: எங்களுடையது பழைய லேஅவுட். ஐந்தாவது கிராஸ் முனையில் மூன்று சைட்டைச் சேர்த்து வாங்கி, பழைய வீடுகளை இடித்துத் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள். நான்கு மாடிக்குப் பெரிய சூப்பர் மார்க்கெட் வரப்போகிறதாம். குடியிருப்போர் சங்கத்தில் பாதிப் பேர் எதிர்க்கிறோம். மீதிப் பேர், "வந்தா நல்லதுதானே, விலை குறையும்" என்கிறார்கள். கையெழுத்து வாங்கப் போனால், "அவங்க இடம், அவங்க கட்டுறாங்க, நாம என்ன பண்ண முடியும்?" என்று கதவைச் சாத்துகிறார்கள். அப்பா காலத்திலிருந்து சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. நாங்கள் எழுதிய மனுவையும் இணைத்திருக்கிறேன். நிஜமாகவே எங்களால் ஒன்றும் செய்ய முடியாதா ஐயா?
- வாசகி, ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: முடியும் அம்மா. ஆனால் இந்த மனுவை வைத்துக்கொண்டு முடியாது.

சிறு வணிகர் வயிற்றில் அடிக்காதீர்கள், நம் தெருவின் அமைதியைக் கெடுக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் போட்டிக்குக் கடை வரக்கூடாது என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வாங்கிக் கோப்பில் வைத்து மூடிவிடுவார். அவர் பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்விகள் வேறு. நகரின் எந்த இடம் எதற்கு என்று வகுத்திருக்கும் மாஸ்டர் பிளானில் அந்த முனை குடியிருப்பா, வணிகமா? தெரு எத்தனை அடி? வண்டிகள் எங்கே நிற்கும்? லாரி எங்கே சரக்கு இறக்கும்?

உங்கள் எதிரணியோடு சண்டை போடாதீர்கள். விலை குறைய வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. கடை நல்லதா கெட்டதா என்று கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் விடியும்வரை பேசலாம். அதை விட்டு, முறைப்படி வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. சதாசிவநகர் பக்கம், ராஜ்மகால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, அரசு உத்தரவின்பேரில் ஒரு மருத்துவ அறக்கட்டளைக்கு ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனாலும் அங்கே குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. திட்டத்தில் பூங்கா என்றால் பூங்காதான், அதைக் கேட்க அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்றது. கதவைச் சாத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டிலும் இப்படித்தான். வால்மார்ட் கடை வந்தால் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் நிறைய உள்ள ஊர் அது. நகராட்சியின் சுற்றுச்சூழல் ஆய்வும் பொது விசாரணையும் இல்லாமலே கட்டிக்கொள்ள வழிசெய்யும் தீர்மானத்தை நிறுவனம் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. 2004 ஏப்ரலில் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்று போட்டுவிட்டார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி என்ற கோபம் அது. உங்கள் சங்கத்தின் இரண்டு அணியும் அந்தக் கேள்வியில் ஒன்றாக நிற்கலாம்.

சரி, முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவை அளங்கள். காம்பவுண்டிலிருந்து எதிர்க் காம்பவுண்டு வரை ஓர் அளவு; மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், மரம், நிறுத்திய கார்கள் போக வண்டி ஓட மிஞ்சுவது இன்னோர் அளவு. இரண்டையும் போட்டோவோடு எழுதி வையுங்கள். அப்புறம் இதே மாதிரி கடை ஏற்கெனவே இருக்கிற தெருவுக்கு விடியற்காலையில் போய் நில்லுங்கள். நான் போய் நின்றிருக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும் லாரி 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் கிரேட்டுகளைத் தரையில் தரதரவென்று இழுப்பார்கள். அது முடிவதற்குள் பால் வண்டி வந்து பின்னால் நிற்கும், அதன் பின்னால் ஸ்கூல் வேன். டிரைவர்கள் மேல் குற்றமில்லை, இடம் இல்லை. அந்தப் படங்களும் மனுவோடு போகட்டும்.

மாஸ்டர் பிளானின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் முனை மஞ்சளாக இருந்தால் குடியிருப்பு, நீலமென்றால் வணிகம். மஞ்சளிலும் சின்னக் கடைகளுக்கு இடமுண்டு, அதனால் உடனே குதிக்காதீர்கள். பயன்பாட்டையே மாற்றுவதென்றால், கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டம் 1961-ன் 14-ஏ பிரிவுப்படி நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபம் சொல்ல குறைந்தது 15 நாள் விட வேண்டும். அந்த அறிவிப்பு கன்னடப் பத்திரிகையின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வந்து போய்விடும். தெருவில் கன்னடம் படிக்கிற பிள்ளை ஒருவருக்குத் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். ஆட்சேபத்தையும் கன்னடத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

கட்டட வரைபட அனுமதி, பார்க்கிங் கணக்கு, நிலப் பயன்பாட்டுச் சான்று ஆகியவற்றின் நகல் கேட்டு, 10 ரூபாய் கட்டி தகவல் உரிமை மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியைப் பிடித்துத் தொங்குங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான். மூன்று சைட்டில் அது வராது.

மளிகைக் கடைக்காரரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அதைவிட முதலில் அடிபடப் போவது அந்த முனையில் கூடையோடு உட்காரும் கீரைக்காரம்மாவும் தள்ளுவண்டிக்காரரும். கார் ஏறும் சரிவுப்பாதை அவர்கள் உட்காரும் இடத்தில்தான் வரும். 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அவர்களைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். மளிகைக் கடைக்காரருக்கோ, கணக்கு நோட்டில் நிற்கும் பாக்கியை உங்கள் தெரு மொத்தமும் இந்த மாதமே தீர்ப்பதுதான் முதல் உதவி. பாக்கியை வைத்துக்கொண்டு அவருக்காகக் கொடி பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: எங்கள் தெருவிலும் இதே பிரச்சினை. ஆனால் சங்கம் பதிவு செய்யப்படவில்லை. தனியாளாக ஆட்சேபம் கொடுத்தால் மதிப்பார்களா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். மேலே சொன்ன 1991 வழக்கிலும் குடியிருந்தவர்கள் தங்கள் சொந்தப் பெயரில்தான் நின்றார்கள். ஒரே மனுவில் நூறு கையெழுத்து வாங்குவதைவிட, வீட்டுக்கு ஒன்றாக, அவரவர் வாசலில் என்ன நடக்கும் என்று எழுதிக் கொடுப்பது நல்லது. இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அந்த அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். "நாளைக்கு வாங்க" என்றால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.