சாலை சர்வேக்கு லைடார் வண்டி வாங்கப் போகிறோம், எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரம் இது: சென்னையைச் சுற்றி வேலை செய்யும் சிறிய சர்வே நிறுவனம். இதுவரை டோட்டல் ஸ்டேஷனும் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) டிஜிபிஎஸ்ஸும் (திருத்தம் சேர்த்த துல்லிய ஜிபிஎஸ்) தான். இனி வரப்போகும் வேலைகள் மூன்று வகை: தெருவிளக்கையும் பெயர்ப்பலகையையும் கணக்கெடுத்தல், சாலை அகலப்படுத்தல், மழைநீர் வடிகாலுக்கு மட்டம் எடுத்தல். ரீகல், ட்ரிம்பிள், லைக்கா மூன்று நிறுவனங்களின் கருவிகளுக்கும் கொட்டேஷன் கையில் இருக்கிறது. கூடவே லைடார் (லேசரால் தூரம் அளந்து புள்ளிகளாகப் பதியும் ஸ்கேனர்) இல்லாமல் கேமரா மட்டும் உள்ள ஒரு கருவிக்கும். எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வண்டிகள் கொண்டுவரும் தரவைச் சரிசெய்து வரைபடமாக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: விநாடிக்கு எத்தனை லட்சம் புள்ளி என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். கொட்டேஷனில் ஐஎம்யூ, அதாவது வண்டியின் அசைவையும் சாய்வையும் அளக்கும் உணரி, என்று ஒரு வரி இருக்கும். பணம் முதலில் அங்கே போக வேண்டும்.

லேசர் ஸ்கேனருக்குத் தெரிந்தது, எதிரே இருக்கும் பொருள் எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்பது மட்டும்தான். அந்த நொடியில் வண்டி எங்கே இருந்தது, எந்தத் திசையைப் பார்த்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் அமைப்புகள்) ரிசீவர், ஐஎம்யூ, பின்சக்கரத்தில் மாட்டி ஓடிய தூரத்தை அளக்கும் ஓடோமீட்டர் மூன்றும் சேர்ந்து சொல்ல வேண்டும். திசையில் 0.1 டிகிரி பிழை இருந்தாலே 30 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பம் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 0.02 டிகிரி என்றால் 1 சென்டிமீட்டர். ஸ்கேனர் 3 மில்லிமீட்டர் துல்லியமாக அளந்தாலும் இந்த நகர்வை அது தடுக்க முடியாது.

சென்னையில் இது ஏட்டளவில் நிற்கும் விஷயம் இல்லை. வடபழனி, அசோக் நகர் பக்கம் நூறடி சாலையில் மெட்ரோவின் உயர்த்தப்பட்ட பாதை சாலையோடு கூடவே ஓடுகிறது. அதன் ஓரமாகப் போகும்போது பாதி வானம் அடைபட்டுவிடும். குறுக்கே திரும்பினால் முழுவதும் அடைபடும். தி.நகர் உள்தெருக்கள், பெரிய மரங்கள் கவிந்த அடையாறு சாலைகள் எல்லாமே இந்தக் கதைதான். அங்கெல்லாம் வண்டியின் பாதையைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் ஐஎம்யூதான். நல்ல கருவிகளின் விவரத்தாளில் "ஜிஎன்எஸ்எஸ் இல்லாமல் 60 விநாடி ஓடினால் இருப்பிடப் பிழை எவ்வளவு" என்று ஒரு அட்டவணை இருக்கும். மூன்று கொட்டேஷனுக்கும் அந்த அட்டவணையை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில மாடல்களை ஒரே பெயரில் வெவ்வேறு ஐஎம்யூவோடு விற்கிறார்கள், அதனால் மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஓடோமீட்டரைத் துணைக்கருவி என்று தனியாக விலை போட்டிருந்தால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்னலில் வண்டி நிற்கும்போது "நகரவில்லை" என்று அது சொல்வதே பிழை வளராமல் பிடித்துவைக்கும்.

சரி, ஸ்கேனர். இதில் இரண்டு சாதி உண்டு. ரீகல் விஎம்எக்ஸ்-2ஹெச்ஏ, ட்ரிம்பிள் எம்எக்ஸ்9 போன்றவற்றில் இருப்பது ஒரே கற்றையை முழுவட்டமாகச் சுழற்றும் சர்வே தர ஸ்கேனர்கள், இரண்டு தலை. அவை வண்டிக்குக் குறுக்கே நேராக இல்லாமல் எக்ஸ் வடிவில் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும், அதனால் கம்பத்தின் முன்பக்கமும் பின்பக்கமும், கட்டடத்தின் பக்கச் சுவரும் விழும். இரண்டாவது சாதி, தானியங்கிக் கார்களுக்காகப் பிறந்த பலகற்றை லைடார்: வெலோடைன், அவுஸ்டர், ஹெசாய் வகை. விலை பல மடங்கு குறைவு, ஆனால் தூர அளவில் 2, 3 சென்டிமீட்டர் இரைச்சல் இருக்கும். சுவரை வெட்டிப் பார்த்தால் கோடாகத் தெரியாது, தடித்த பட்டையாகத் தெரியும். கம்பம் எண்ணுவதற்கு அது போதும். சாலை மட்டத்துக்குப் போதாது.

புள்ளி எண்ணிக்கையைவிட ஸ்கேனர் விநாடிக்கு எத்தனை கோடு போடுகிறது என்று பாருங்கள். ஒரு தலை 250 கோடு போட்டால், வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 6.7 சென்டிமீட்டர். 36 கிலோமீட்டரில் போனால் 4 சென்டிமீட்டர். 100 கோடு போடும் ஸ்கேனரில் 60இல் போனால் இடைவெளி 16.7 சென்டிமீட்டர் ஆகிவிடும், மெல்லிய கம்பம் ஒன்றிரண்டு கோட்டில் மட்டுமே விழும். நகர நெரிசலில் யாரும் 60இல் போகப் போவதில்லை என்பது நமக்குச் சாதகம். நெடுஞ்சாலை வேலை அதிகம் என்றால் இந்தக் கணக்கு முக்கியம்.

கேமராவைப் பற்றி ஒரு தவறான எதிர்பார்ப்பு பரவலாக இருக்கிறது. 30 மெகாபிக்சல் பனோரமா என்றதும் சாலை விரிசலையும் அதிலேயே எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள்: பனோரமாவின் அகலம் சுமார் 8000 பிக்சல். 10 மீட்டர் ஆரத்தில் வட்டத்தின் சுற்றளவு சுமார் 63 மீட்டர். ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். கடைப் பெயர்ப்பலகை படிக்கலாம், மின்கம்ப எண் பெரிதாக எழுதியிருந்தால் அதையும் படிக்கலாம், 2 மில்லிமீட்டர் விரிசல் தெரியாது. விரிசல் வேலை வந்தால் தரையைப் பார்த்து 1 மில்லிமீட்டர் இடைவெளியில் அளக்கும் பேவ்மெட்ரிக்ஸ் எல்சிஎம்எஸ் போன்ற தனிக் கருவி வேண்டும். அது வேறு வண்டி, வேறு முதலீடு.

அதே சமயம் கேமரா மட்டும் உள்ள கருவியைக் குறைவாக எடை போட வேண்டாம். உங்கள் முதல் வகை வேலைக்கு அது நன்றாகவே போதும். ட்ரிம்பிள் எம்எக்ஸ்7 மாதிரி 6 கேமராவும் நல்ல ஜிஎன்எஸ்எஸ்-ஐஎம்யூவும் இருந்தால், ஒரு கம்பத்தை இரண்டு மூன்று படங்களில் குறித்தே அதன் இடத்தைக் கணக்கிடலாம். விளக்கின் வகை, கம்பம் துருப்பிடித்திருக்கிறதா, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் எப்படியும் படத்திலிருந்துதான் எடுக்கப் போகிறீர்கள்.

மழைநீர் வடிகாலுக்கு வருவோம். எனக்கு மிகவும் அக்கறையுள்ள பகுதி இது. சென்னை தட்டையான ஊர். வடிகாலுக்குக் கிடைக்கும் சரிவு மிகக் குறைவு, அதில் 5 சென்டிமீட்டர் உயரப் பிழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதே மாறிவிடலாம். திறந்த வானத்தில்கூட நல்ல கருவி, கட்டுப்பாட்டுப் புள்ளி (தனியாகத் துல்லியமாக அளந்து வைத்த குறி) இல்லாமல் தரும் உயரத்துல்லியம் சில சென்டிமீட்டர் அளவுதான். 1, 2 சென்டிமீட்டருக்கு இறங்க வேண்டுமென்றால் சாலையில் பெயின்ட் குறி போட்டு, டிஜிட்டல் லெவல் என்ற உயரம் அளக்கும் கருவியால் மட்டம் கொண்டுவந்து, அந்தக் குறிகளோடு புள்ளிமேகத்தை (ஸ்கேனர் தரும் புள்ளிகளின் தொகுப்பை) இழுத்துப் பொருத்த வேண்டும். வானம் அடைபட்ட இடங்களில் இந்தக் குறிகளை நெருக்கமாகப் போட வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த வண்டி வாங்கினாலும் லெவல் எடுக்கும் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

கூடவே ஒன்று. ஜிஎன்எஸ்எஸ் தரும் உயரம் நீள்வட்டக உயரம், அதாவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளப்பது, கடல்மட்டத்திலிருந்து வரும் உயரம் இல்லை. உலகிலேயே ஜியாய்டு (ஈர்ப்புவிசை தீர்மானிக்கும் சராசரிக் கடல்மட்டப் பரப்பு) மிகவும் தாழ்ந்திருக்கும் பகுதி இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, அந்தக் கணித வடிவத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் கீழே. அதன் தாக்கம் நம் கரை வரை வருகிறது. மெரினாவில் நின்று பார்த்தால் கருவி மைனஸ் எண்பது, தொண்ணூறு மீட்டர் என்று காட்டும். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துக் கருவி பழுது என்று நினைப்பார்கள். திட்டத்தை சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க்கோடு (கடல்மட்ட உயரம் தெரிந்த நிலையான குறியோடு) கட்டினால்தான் வடிகால் பொறியாளருக்குப் பயன்படும் எண் கிடைக்கும்.

அப்புறம் விற்பனையாளர்கள் சொல்லி நான் கேட்காத விஷயம் ஒன்று: நம் ஊர் காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவிய கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணமும் அந்தக் கோடுதான். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்த பிறகு மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனமண்டலத்தில் குமிழிகள் போலக் கலக்கம் உண்டாகி, செயற்கைக்கோள் சிக்னல் மினுங்கும், ரிசீவர் சிக்னலைத் தவறவிடும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களிலும், சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். நெரிசல் குறைவு என்று இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை வண்டியை விடுவது சாதாரணம், ஆனால் பாதை கெட்டுப்போக வாய்ப்புள்ள நேரமும் அதுதான். கேமராவுக்கும் வெளிச்சம் வேண்டும் என்பதால் விடிந்த முதல் இரண்டு மணி நேரம் எனக்குப் பிடித்த நேரம். பல அலைவரிசை, பல செயற்கைக்கோள் அமைப்புகளை வாங்கும் ரிசீவரும், பக்கத்திலேயே ஒரு பேஸ் ஸ்டேஷனும் (தெரிந்த இடத்தில் நின்று திருத்தம் தரும் ரிசீவர்) கட்டாயம்.

ஊருக்கு ஏற்ற சில்லறை விஷயங்களையும் விலை பேசும்போதே கேளுங்கள். சில ஸ்கேனர்களின் இயக்க வெப்பநிலை 40 டிகிரி வரைதான், மே மாதத்தில் காரின் கூரை அதைத் தாண்டிவிடும். கூரைமேல் மாஸ்ட் உயரம் எவ்வளவு? தெருக்களில் தாழத் தொங்கும் கேபிள் ஒயர் சிக்கினால் காலிபரேஷன் அன்றோடு போச்சு. ஈரத் தார்ச்சாலையிலிருந்து லேசர் சரியாகத் திரும்பாது, ஆக வடகிழக்குப் பருவமழை நாட்களை ஓட்டத் திட்டத்தில் எண்ணாதீர்கள். கார் நுழையாத சந்துகளுக்குக் கருவியைக் கழற்றி ஆட்டோவில் மாட்ட முடியுமா என்பதும் நல்ல கேள்வி.

சட்டம் சுருக்கமாக. மத்திய அரசு 2021 பிப்ரவரி 15இல் வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதலின்படி, சாலையில் வண்டி வைத்து எடுக்கும் மொபைல் மேப்பிங்கும் ஸ்ட்ரீட் வியூவும் துல்லியம் எவ்வளவாக இருந்தாலும் இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. கூகுள் 2022இல் இங்கே ஸ்ட்ரீட் வியூவைக் கொண்டுவந்தபோது ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா என்ற இந்திய நிறுவனங்கள் இரண்டோடும் சேர்ந்து வந்தது அதனால்தான். நீங்கள் இந்திய நிறுவனம் என்பதால் கதவு திறந்தே இருக்கிறது. முகங்களையும் வண்டி எண்களையும் மங்கலாக்கும் மென்பொருளுக்கு மட்டும் இப்போதே பணம் ஒதுக்குங்கள்.

மென்பொருளும் தரவைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து உங்கள் பட்ஜெட்டில் பெரிய இடம் பிடிக்கும். விநாடிக்கு 20 லட்சம் புள்ளி, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 18 கோடி புள்ளி. நிறத்தோடு எல்ஏஎஸ் (புள்ளிகளைச் சேமிக்கும் பொதுவான வடிவம்) கோப்பாக வைத்தால் சுமார் 6.5 ஜிபி, படங்கள் தனி. பாதையைச் சரிசெய்ய ஒரு மென்பொருள், ஓட்டங்களைப் பொருத்த ஒன்று, கோடு வரைய ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுச் சந்தா. ஒரு நாள் ஓட்டம் மேசையில் வாரக்கணக்கில் உட்காரும். ஆள் பயிற்சி இல்லாமல் வண்டி மட்டும் வாங்கியவர்கள் தரவை வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது டெமோ. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு விற்பனையாளர் காலியான பைபாஸில் எடுத்த புள்ளிமேகத்தை எங்களுக்குக் காட்டினார், கண்ணாடி போல இருந்தது. அதே கருவியை மெட்ரோ பாதையோரம் இரண்டு முறை ஓட்டச் சொன்னோம். இரண்டு ஓட்டமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நடைபாதையின் ஓரக்கல் இரண்டு கோடாக வந்தது. ஆகவே பாதையை நீங்கள் தேர்ந்தெடுங்கள்: இரண்டு மூன்று கிலோமீட்டர், அதில் திறந்த வானம், மரநிழல், மேம்பாலத்தடி, குறுகிய தெரு எல்லாம் இருக்கட்டும். முன்கூட்டியே டோட்டல் ஸ்டேஷனும் லெவலும் வைத்துக் குறிகளை அளந்துவிடுங்கள். சிலவற்றைக் கட்டுப்பாட்டுக்காக அவர்களிடம் கொடுங்கள், மற்றவற்றைச் சொல்லாமல் வைத்திருந்து பிறகு ஒப்பிடுங்கள். அமெரிக்காவின் ஏஎஸ்பிஆர்எஸ் என்ற வரைபட அளவீட்டுச் சங்கம் தன் தரவிதியில் குறைந்தபட்சச் சரிபார்ப்புப் புள்ளியை 2023இல் 20லிருந்து 30 ஆக உயர்த்தியது, டெமோவுக்கும் அந்த எண்ணையே குறிவையுங்கள். இரு திசையிலும், வெவ்வேறு நேரத்தில் ஓட்டச் சொல்லுங்கள். மூலத் தரவையும், முன்னோக்கியும் பின்னோக்கியும் கணித்த பாதைகளின் வித்தியாச வரைபடத்தையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் கேமரா கருவியை, அதன் ஐஎம்யூ நன்றாக இருந்தால், இப்போதே வாங்குவேன். சாலை அகலப்படுத்தலுக்கும் வடிகாலுக்கும் இரட்டைத் தலை வண்டியை வேலைக்கு வேலை வாடகைக்கு எடுப்பேன், ஓட்டுபவரோடு சேர்த்து. வருடம் முழுவதும் ஓடும் அளவுக்கு வேலை நிலைத்த பிறகு சொந்தமாக வாங்கலாம். அப்போதும் உச்ச ஸ்கேனர்-நடுத்தர ஐஎம்யூ, நடுத்தர ஸ்கேனர்-உச்ச ஐஎம்யூ என்று இரண்டு வழி இருந்தால் இரண்டாவது. நீங்கள் சொன்ன மூன்று பெயருமே நல்ல கருவி செய்பவர்கள்தான். அவர்களுக்குள் தேர்வு செய்ய நான் பார்ப்பது சர்வீஸை. உயர்தர ஐஎம்யூ ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள், பழுதானால் வெளிநாட்டுக்குப் போய்த் திரும்ப அனுமதிக் கடிதங்கள் வேண்டும். அந்தக் காகித வேலை யாருடையது, எத்தனை வாரம், அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். மூன்று கொட்டேஷனிலும் இருக்கும் ஐஎம்யூ மாடல் பெயரைக் கீழே போட்டால் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.